அந்த நர்ஸ் மேல ஒரு புகார்

இந்தப் பக்கம் உக்காருங்க தம்பி, அங்க வெயில் அடிக்கும். பையை மேல போட்டுருங்க. வள்ளியூர்தானே? எப்படித் தெரியும்னு பாக்கீங்களா? பஸ் டிக்கெட்டைக் கையிலேயே விரிச்சு வச்சிருக்கீங்களே, அதுலதான். முப்பத்து மூணு வருஷம் ரயில்ல டி.டி.ஆரா இருந்தவன் நான். டிக்கெட்னா கண்ணு தன்னால போகும். ஓடுத வண்டியில ஒருத்தன் நிசமாவே தூங்குதானா, என்னைக் கண்டதும் தூங்குத மாதிரி நடிக்கானான்னு ஒரு பார்வையில சொல்லிருவேன். கக்கூஸ்ல ஒளியுதவன், பிள்ளைத்தாச்சி வேஷம் போடுதவ, எல்லாரையும் பாத்தாச்சு. லிங்கதுரையை ஏமாத்தினவன் கிடையாதுன்னு மதுரை டிவிஷன்ல கேட்டுப் பாருங்க. அதனாலதான் இந்த விஷயம் எனக்குப் பொறுக்கல.

விஷயம் ஒரு நர்ஸைப் பத்தினது. பாளையங்கோட்டையில ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், ஆஸ்பத்திரி மேல எனக்குக் கோவம் ஒண்ணும் கிடையாது. ரஹ்மத் நிஷான்னு ஒரு பொண்ணு. மேலப்பாளையத்துப் பிள்ளை. முப்பது வயசு இருந்தா சாஸ்தி. நான் கல்யாணம் முடிச்சப்போ இவ பொறக்கக்கூட இல்லை. இவ வந்து, என் வீட்டுக்காரி யாருன்னு எனக்குச் சொல்லுதா. எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க.

என் வீட்டுக்காரி பேரு அமுதா. அவ வீட்டுல வச்ச பேரு அமலோற்பவம். வேதக்கார வீடு, கிறிஸ்தவங்க, வடக்கன்குளம். எங்க ஆளுகள்ல இது சகஜம் தம்பி. ஒரே சனம்தான். பாதிப் பேரு கோயிலுக்குப் போவாங்க, பாதிப் பேரு வேதத்துல இருப்பாங்க, பொண்ணு கொடுத்து எடுத்துக்குவாங்க. பொண்ணு எந்த வீட்டுக்குப் போகுதோ அந்த வீட்டுச் சாமி. எங்க அம்மா பொண்ணு பாக்கப் போன அன்னைக்கே வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டா பேசிட்டா. பொட்டு வைக்கணும், வெள்ளிக்கிழமை விளக்கேத்தணும், வேதக்கோயில் பக்கம் எட்டிப் பாக்கக் கூடாது. இவ சரின்னு தலையாட்டினா. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. அமலோற்பவம்னு கூப்பிட்டா வாய் வலிக்குதுன்னு எங்க அம்மாதான் அமுதான்னு சுருக்கினா. நல்லாத்தானே இருக்கு?

நான் அவளை எதுக்கும் வற்புறுத்தினது கிடையாது, அதையும் சொல்லிருதேன். அவளாத்தான் பொட்டு வச்சா, அவளாத்தான் விளக்கேத்தினா. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதுக்காக அவ ஒரு நாள் மூக்கைச் சிந்தி நான் பாத்ததில்லை. என்ன வேணும்னு கேட்டா, ஒண்ணும் வேண்டாம்பா. ரெண்டு மூணு வருஷம் கேட்டுப் பாத்தேன், அப்புறம் கேக்கிறதை விட்டுட்டேன். ஒண்ணும் வேண்டாங்குத ஆளுகிட்ட என்னத்தைக் கேக்கிறது?

அவகிட்ட ஒரே ஒரு பழக்கம் உண்டு. திடீர்னு நின்னு பொட்டைத் தொட்டுப் பாப்பா. தாலியை நேரா இழுத்து விடுவா. முந்தானையை இந்தத் தோள்ல ஒரு தட்டு, அந்தத் தோள்ல ஒரு தட்டு. அடுப்புல வேலை இருந்தாலும் நின்னு இதைச் செஞ்சிட்டுத்தான் போவா. நானும் கேலி பண்ணியிருக்கேன், என்ன, இந்த வயசுல பொண்ணு பாக்க ஆள் வருதான்னு. சிரிப்பா. ஒழுங்கான பொம்பளை, மேல துணி கலைஞ்சு இருக்கக் கூடாது, அப்படின்னு நினைச்சுக்கிட்டேன். வேற என்ன நினைக்கச் சொல்லுதீங்க?

போன ஆடியில வயித்து வலின்னு படுத்தா. கணையத்துல கட்டி. முத்திப் போச்சு, இனி கத்தி வைக்க வேண்டாம், வலி இல்லாம பாத்துக்கிடுவோம்னு பெரிய டாக்டர் சொல்லிட்டார். அப்படித்தான் பாளையங்கோட்டையில சேத்தேன்.

சேத்த அன்னைக்கே இந்தப் பொண்ணு வந்தா. சாப்பாடு எப்படி, தூக்கம் எப்படின்னு கேட்டா. அதோட விடலாம்ல? அம்மாவுக்குச் சாமி கும்பிடுத பழக்கம் எப்படி, இங்க அதுக்கு ஏதாவது செஞ்சு தரணுமான்னு கேட்டா. நான் சொன்னேன், அதெல்லாம் பெருசா ஒண்ணும் கிடையாதும்மா, வெள்ளிக்கிழமை விளக்கேத்துவா, இங்க அது முடியாது, நீ வலிக்கு ஊசியைப் போடுன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? "நான் அம்மாகிட்ட கேட்டேன்ப்பா." பக்குவமாத்தான் சொன்னா, இருந்தாலும் எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. அமுதா வழக்கம் போல ஒண்ணும் வேண்டாம்னுட்டா. நான் அந்தப் பொண்ணை ஒரு பார்வை பாத்தேன்.

அப்புறம் அமுதாவுக்குத் தூக்கம் போச்சு. ஊசி போட்டாலும் புரண்டுக்கிட்டே கிடப்பா. கையை நீட்டுவா, மடக்குவா. டாக்டர் மருந்தைக் கூட்டிக் கொடுத்தார், அப்பவும் அப்படித்தான். இந்தப் பொண்ணு என்கிட்ட வந்து, இது வலி மாதிரி தெரியலப்பா, வலின்னா முகம் வேற மாதிரி இருக்கும், அம்மா மனசுல என்னமோ கிடக்கு, அவங்களுக்கு யாரையாவது பாக்கணும்னு இருக்கான்னு கேட்டா. நான் இங்கதானே இருக்கேன், வேற யாரைப் பாக்கணும்னு கேட்டேன். நீங்க சொல்லுங்க, நியாயம்தானே?

இப்போ கோயில் மணி விஷயத்துக்கு வாரேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்த்தாப்புல ஒரு வேதக்கோயில். சாயங்காலம் ஆறு மணிக்கு மணி அடிப்பாங்க. ரயில்வே காலனியில எங்க வீட்டுக்குப் பின்னாலயும் அதே மாதிரி ஒரு மணி உண்டு. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு டீ குடிக்கணும். பழகிப் போச்சு. டூட்டி இல்லாத நாள்ல மணி அடிச்சதும் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு முக்குக் கடைக்குக் கிளம்பிருவேன். ஆஸ்பத்திரியிலயும் அப்படித்தான். மணி அடிச்சா நான் டீக்கடையில இருப்பேன்.

ஒரு நாள் ஸ்கேன் எடுக்கணும்னு தாலி, வளையல் எல்லாம் கழட்டச் சொன்னாங்க. சேலையை மாத்தி அந்த ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டு விட்டாங்க. நெத்தியைத் துடைச்சதுல பொட்டும் போச்சு. திரும்பக் கொண்டு வந்து கட்டில்ல போடுத நேரத்துக்கு மணி அடிச்சுச்சு. நான் துண்டை எடுத்துக்கிட்டுத் திரும்புதேன், அமுதா கை நெத்திக்குப் போகுது. அப்புறம் நெஞ்சுக்கு. தாலியைத் தேடுதான்னு நினைச்சு, ஏ, எல்லாம் என் பையில பத்திரமா இருக்கு, பயப்படாதேன்னு சொல்லிட்டுக் கீழே இறங்கிட்டேன்.

நான் போன பெறகு அந்தக் கை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் போயிருக்கு. அங்க பொட்டும் இல்லை, தாலியும் இல்லை, முந்தானையும் இல்லை. சரி பண்ணுததுக்கு அவ மேல ஒண்ணுமே இல்லை தம்பி. இந்தப் பொண்ணு பக்கத்துல குளுக்கோஸ் பாட்டில் மாத்திக்கிட்டு நின்னிருக்கா. அவ பாத்துட்டா. குனிஞ்சு காதுல கேட்டிருக்கா, அம்மா, சிலுவை போட்டீங்களான்னு. அதுக்கு அமுதா ரொம்ப நேரம் அழுதாளாம். எனக்கு இதெல்லாம் பெறகுதான் தெரியும். கல்யாணம் ஆகி இத்தனை வருஷமா என் கண்ணு முன்னால ஒருத்தி நெத்தியையும் நெஞ்சையும் தோளையும் தொட்டுக்கிட்டே இருந்திருக்கா. அது சிலுவைன்னு ஒரு துலுக்க வீட்டுப் பிள்ளைக்குத் தெரியுது.

மறுநாள் சாயங்காலம் டீயும், அவளுக்குப் பிடிக்குமேன்னு ரெண்டு உளுந்த வடையும் வாங்கிக்கிட்டு மேல வாரேன். கட்டிலைச் சுத்தித் திரையை இழுத்து விட்டிருக்கு. உள்ள பேச்சுச் சத்தம். ஆம்பளைக் குரல் ஒண்ணு, அமுதா குரல் ஒண்ணு. திரைக்குக் கீழே வெள்ளை அங்கியும் செருப்பும் தெரியுது. எதிர்த்த வேதக்கோயில்ல இருந்து இந்தப் பொண்ணு கூட்டிட்டு வந்த சாமியார். நான் திரையை விலக்கப் போறேன், இந்தப் பொண்ணு குறுக்கே வந்து நிக்கா. "அம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணுதாங்கப்பா, செஞ்ச பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்காங்க. அது அவங்களுக்கும் சாமியாருக்கும் மட்டும்தான். நானே வெளிய நிக்கேன் பாருங்க."

நான் ஒதுங்கி பெஞ்சுல உக்காந்தேன். எவ்வளவு நேரம் தெரியுமா? வடை ஆறி எண்ணெய் பேப்பர்ல இறங்கிட்டு. அமுதா பேசுதா, பேசிக்கிட்டே இருக்கா. என்கிட்ட சேந்தாப்புல நாலு வார்த்தை பேசாதவ தம்பி. அப்படி என்ன பாவம் பண்ணிட்டா? எனக்குத் தெரியாம தங்கச்சிக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுத்திருப்பாளா? எங்க அம்மா படுத்த படுக்கையா கிடந்தப்போ மனசுக்குள்ள வைஞ்சிருப்பாளா? நான் ஒரு தடவை சோத்துத் தட்டைத் தூக்கி வீசினேன், அன்னைக்கு என்னமும் நினைச்சிருப்பாளா? எதுவா இருந்தாலும் என்கிட்டல்ல சொல்லணும்? நான்தானே புருஷன்?

சாமியார் வெளிய வந்து எனக்குக் கும்பிடு போட்டார். நான் போடல. உள்ள போனா அவ நெத்தியிலயும் உள்ளங்கையிலயும் எண்ணெய் பூசியிருக்கு. முகம் அப்படியே தெளிஞ்சு கிடக்கு, காய்ச்சல் விட்ட மாதிரி. அன்னைக்கு ராத்திரி ஊசியில்லாம தூங்கினா. இந்தப் பொண்ணு என் பக்கத்துல வந்து, பாத்தீங்களாப்பா, எப்படித் தூங்குதாங்கன்னு சந்தோசமா சொல்லுதா. சொல்லிட்டு, உங்களுக்கும் யார்கிட்டயாவது பேசணும்னு இருந்தா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணுதேன்னா. எனக்கு என்ன நோயான்னு கேட்டேன். ஒரு நாற்காலியை இழுத்து எனக்குப் போட்டுட்டுப் போனா.

காலையில அமுதா முழிச்சதும் கேட்டேன். சாமியார்கிட்ட என்ன சொன்னேன்னு கேட்டேன். சிரிச்சா. ஒண்ணுமில்லைங்கன்னா. எனக்கு மண்டைக்கு ஏறிட்டு. அவகிட்ட நான் கத்தல தம்பி, ஆஸ்பத்திரியில கத்தக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். மெதுவாத்தான் சொன்னேன். இத்தனை வருஷம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு என்னை ஏமாத்தியிருக்கே, பொட்டைத் தொடுதேன் தாலியைத் தொடுதேன்னு நாடகம் போட்டிருக்கே, ஒரு வார்த்தை சொன்னியான்னு கேட்டேன்.

அவ என்னைப் பாத்தா. அப்படி அவ என்னை முன்னால பாத்ததே கிடையாது. "உங்களுக்குத் தெரியாதா?"ன்னு கேட்டா.

எனக்கு எப்படித் தெரியும்னேன்.

அவ்வளவுதான். பாத்துக்கிட்டே இருந்தா, அப்புறம் கையை மெதுவா போர்வைக்குள்ள இழுத்துக்கிட்டா. அன்னைக்குச் சாயங்காலம் நான் டீக்கு எந்திரிக்கல, வேணும்னே உக்காந்திருந்தேன். மணி அடிச்சுச்சு. அந்தக் கை வெளிய வரல. மறுநாளும் வரல. பாத்தீங்களா, தப்புன்னு அவளுக்கே தெரிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். நானும் பேசல. அவளா வாயைத் திறந்து சொல்லட்டும், அதுவரைக்கும் பேசுதது இல்லைன்னு இருந்தேன். தண்ணி கொடுப்பேன், போர்வையை இழுத்து விடுவேன், காலைப் பிடிச்சு விடுவேன். எல்லாம் செஞ்சேன். பேசல. அப்படி இருக்கும்போதே ஒரு செவ்வாய்க்கிழமை போயிட்டா.

எங்க முறைப்படி எல்லாக் காரியமும் செஞ்சேன். ஒரு குறை வைக்கல. அவ ஆளுக வந்து ஓரமா நின்னுட்டுப் போனாங்க.

காரியமெல்லாம் முடிஞ்ச கையோட நேரா ஆஸ்பத்திரிக்குப் போனேன். நர்ஸுகளுக்கெல்லாம் மேல ஒரு அம்மா இருக்காங்க, வயசானவங்க, கண்ணாடி போட்டிருப்பாங்க. புகார் கொடுக்கணும்னேன். உக்காருங்கன்னாங்க. ரஹ்மத் நிஷாங்குத நர்ஸ் என் மனைவியை மதம் மாத்திட்டான்னேன். எந்த மதத்துக்குன்னு கேட்டாங்க. வேதத்துக்குன்னேன். ரஹ்மத் நிஷாவா, வேதத்துக்கான்னு இன்னொரு தடவை கேட்டாங்க. எனக்கே சொல்லக் கூச்சமாத்தான் இருந்துச்சு. மருந்து தப்பாக் கொடுத்தாளா, இல்லை. எரிஞ்சு விழுந்தாளா, இல்லை. அம்மா வேண்டாம்னு சொன்னதைச் செஞ்சாளா? அதை விடுங்க, என் பொண்டாட்டிக்கு என்ன வேணும்னு என்கிட்ட கேக்காம எப்படிச் செய்யலாம்னு கேட்டேன். அந்தம்மா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. அப்புறம், அவளையே கூப்பிடுதேன், நீங்களே கேளுங்கன்னாங்க.

வந்தா. நான் கோவத்தையெல்லாம் கூட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன், அவ என்னைக் கண்டதும் கண்ணு கலங்கி, சாப்பிட்டீங்களாப்பான்னு கேக்கா. மெலிஞ்சு போயிட்டீங்களேன்னா. புகார் கொடுக்க வந்தவன்கிட்ட பேசுத பேச்சா இது? நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள அவளாவே சொல்ல ஆரம்பிச்சுட்டா. அம்மா உங்களைப் பத்தி ரொம்பப் பெருமையா சொன்னாங்கப்பான்னா. என்ன சொன்னான்னு கேட்டேன்.

"அவருக்கு எல்லாம் தெரியும்மா. ஆறு மணிக்கு மணி அடிச்சா, நான் கும்பிட்டுக்கிடட்டும்னு துண்டை எடுத்துக்கிட்டு வெளிய போயிருவாரு. ஒரு நாள் கூட என்னன்னு கேட்டதில்லை, நான் பயந்து போயிருவேன்னு. மாமியாருக்குத் தெரிஞ்சிரும்னு அவரும் காட்டிக்கிட்டதில்லை. அப்படி ஒரு மனுசன் யாருக்குக் கிடைக்கும்னு சொன்னாங்கப்பா. நானும் என் வீட்டுக்காரர்கிட்ட உங்களைப் பத்திச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

நான் டீ குடிக்கப் போனேன் தம்பி.

டீ குடிக்கத்தான் போனேன். இத்தனை வருஷமும். அதை நான் அந்தப் பொண்ணுகிட்ட சொல்லல. புகாரும் கொடுக்கல. எந்திரிச்சு வந்துட்டேன்.

என்னை எவனும் ஏமாத்தினதில்லைன்னு சொன்னேன்ல? அமுதா ஏமாத்தல. இவளாவே அப்படி நினைச்சுக்கிட்டு, சந்தோசமா இருந்திருக்கா. அந்தக் காலைல, தெரியாதான்னு கேட்டாளே, தெரியும்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு என்ன குறைஞ்சிருக்கும்? ஆனா எனக்குத் தெரியாதே. தெரியாததைத் தெரியும்னு எப்படிச் சொல்லுவேன்? நான் பொய் சொல்லுத ஆளு கிடையாது.

அவ தங்கச்சி பிலோமின்னு ஒருத்தி வடக்கன்குளத்துல இருக்கா. போன வாரம் வீட்டுக்கு வந்து, வேதக்கோயில்ல அக்காவுக்குப் பூசை வைக்கேன் அத்தான், நீங்க கட்டாயம் வரணும்னா. அவகிட்டயும் அமுதா இதையே சொல்லி வச்சிருக்கா. பிலோமி என் கையைப் பிடிச்சுக்கிட்டு, அக்கா கும்புடுதது உங்களுக்குத் தெரியும்தானே அத்தான், நீங்க விட்டுக் கொடுத்ததுனாலதானே அவ நிம்மதியா இருந்தான்னு கேட்டா. தெரியும்மான்னேன். மொதல்ல இருந்தே தெரியும்னேன். அவ அழுத அழுகை இருக்கே. நானும் அழுதேன். அதுதான் அமுதா போன பெறகு நான் அழுத முதல் அழுகை.

போர்வைக்குள்ள கையை இழுத்துக்கிட்டதை யாருக்கும் சொல்லல. உங்ககிட்டதான் சொல்லுதேன். நீங்க இறங்கிப் போயிருவீங்க. வீட்டுல இப்போ மணி அடிச்சா எங்க போகன்னு தெரியல தம்பி. டீ இறங்க மாட்டேங்குது. உள்ள இருந்தாலும் இருக்க முடியல. சாமியார்கிட்ட அவ என்ன சொன்னாங்குதது இனி எனக்குத் தெரியப் போறதில்லை. போய்க் கேட்டும் பாத்தேன். அதைச் சொல்ல முடியாதுங்க, நீங்க ஏதாவது சொல்லணும்னா உக்காந்து கேக்குதேன்னார். எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைன்னுட்டு வந்துட்டேன்.

நாளைக்குக் காலையில பூசை. பிலோமி என்னை முன் வரிசையில உக்கார வைக்கப் போறா. ஊரே பாக்குமாம், இப்படி ஒரு மாப்பிள்ளையான்னு. எனக்கு அங்க எப்போ எந்திரிக்கணும், எப்போ முழங்கால் போடணும், ஒண்ணும் தெரியாது. யார்கிட்ட போய்க் கேக்க? இன்னைக்குப் பஸ் ஏறுததுக்கு முன்னால அந்தப் பொண்ணுகிட்டதான் போனேன். வேற ஆள் இல்லை எனக்கு. அவ சிரிச்சா. எனக்கும் தெரியாதுப்பா, பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்துக்கிட்டே இருங்க, அவங்க என்ன செய்யுதாங்களோ அதைச் செய்யுங்க, அது போதும்னா.

பக்கத்துல இருக்கிற ஆளைப் பாத்துக்கிட்டே இருக்கணுமாம் தம்பி. அதுதான் யோசனையா இருக்கு. எனக்கு அது பழக்கமில்லை.